கடல் கடந்து வந்து தமிழ்க் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர்



பள்ளி விடுமுறை வந்தால் நம் தோட்டத்து மக்களில் சிலர் இப்போதெல்லாம் வெளிநாடு போய் வருகிறார்கள். கோலாலம்பூரில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் திருச்சி. அங்கே இறங்கியதும் திருவரங்கம், சமயபுரம், தஞ்சாவூர்ப் பெரிய கோயில், மதுரை மீனாட்சி, அப்புறம் வேளாங்கண்ணி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாங்க. வசதி உள்ள வேறு சிலர் ஐரோப்பாவுக்கே போய், உரோமாபுரியின் பெரிய தேவாலயங்களையும் அங்குள்ள சித்திரங்களையும் பார்த்துவிட்டு வந்து, கழுத்து வலிக்கும் வரை மேலே அண்ணாந்து பார்த்த கதையைச் சொல்லுவாங்க.

அந்த உரோமாபுரி இருக்கிற இத்தாலி நாட்டில் பிறந்த ஒருவர், அத்தனை கலை அழகையும் விட்டுவிட்டு நம் தமிழ் மண்ணுக்கு வந்தார். வந்தவர் இங்கேயும் கோயில் எழுப்பினார். ஆனால் இத்தாலியக் கோயிலை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கவில்லை. மாதாவுக்குச் சேலை உடுத்திப் பார்த்தார். சூசையப்பருக்குத் தமிழில் காப்பியம் பாடினார். நம்ம பிள்ளைங்க இன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற ஏ, ஓ என்ற எழுத்துகளுக்கு வடிவம் தந்தார். அவர்தாம் வீரமாமுனிவர். அவருடைய வாழ்க்கையை நாம் தெரிந்துகொள்வது நல்லது. எந்தச் சமயத்தவராக இருந்தாலும், தமிழ் படிக்கிற எவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே.

பிறந்த நாடும் வளர்ந்த சூழலும்

இத்தாலியின் வடக்கே மாந்துவா என்று ஒரு பழைய நகரம். அதற்குப் பக்கத்தில் காஸ்திலியோனே என்ற ஊர். அங்கே 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் கொன்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி. ஜோசப் என்ற பெயரைத்தான் நம் மக்கள் சூசை என்கிறார்கள். பிற்காலத்தில் இவர் பாடப்போகும் காப்பியத்தின் தலைவனும் அந்தச் சூசையே என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து இத்தாலி எப்படி இருந்தது? ஊருக்கு ஊர் தேவாலயம். ஒவ்வொன்றிலும் சிற்பம், ஓவியம், வண்ணக் கண்ணாடி, பொன் பூச்சு. மாந்துவா நகரில் அரசர் மாளிகையின் ஓர் அறை முழுவதும் மாந்தேஞா என்ற ஓவியர் 1474-ஆம் ஆண்டில் தீட்டி முடித்த சித்திரங்கள் இருக்கின்றன. அதே நகரில் ஆல்பர்ட்டி என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தபடி 1472-இல் கட்டத் தொடங்கிய அந்திரேயா தேவாலயம் இருக்கிறது. உரோமாபுரியில் இஞ்ஞாசியார் தேவாலயம் ஒன்று உண்டு. அதன் உட்கூரையில் பொத்சோ என்ற துறவி, வானமே திறந்துகொண்டது போல ஒரு சித்திரம் தீட்டினார். கூரை மேலே கோபுரக் குடம் ஒன்று எழும்பி நிற்பது போலவும் வரைந்திருக்கிறார். உண்மையில் அங்கே குடமும் இல்லை, ஒன்றும் இல்லை, சமமான கூரைதான்! கண்ணை ஏமாற்றும் அந்த வித்தை நடந்தது பெஸ்கி சிறு பையனாக இருந்த காலத்தில்.

இதெல்லாம் வெறும் ஆடம்பரத்துக்காக என்று நினைத்துவிடக் கூடாது. அன்று பெரும்பாலான மக்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. சுவரும் கூரையும்தான் அவர்களுக்குப் புத்தகம். நம்ம ஊர்க் கோயில் கோபுரத்தில் இராமாயணமும் பாரதமும் சுதைச் சிற்பமாக நிற்பதும் இதே காரணத்துக்காகத்தானே? கண்ணால் பார்த்தே கதை தெரிந்துகொள்ளட்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாடு அது. இரண்டு நாட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே ஒரே யோசனைக்கு வந்திருக்கிறார்கள்.

பெஸ்கி 1698-ஆம் ஆண்டு இயேசு சபையில் சேர்ந்தார். சமய நூல்களையும் மொழிகளையும் கற்றார். 1709-இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். இப்போது போல ஒரே நாளில் வந்து சேரும் பயணமா அது? ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் கடலில் ஆடி ஆடி வரவேண்டும். வழியில் நோய் வந்து இறந்தவர்கள் பலர். பெஸ்கி 1710-ஆம் ஆண்டு கோவா வந்து சேர்ந்தார். அதன்பின் தெற்கே நடந்து, 1711-இல் மதுரைச் சீமைக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு வயது 30.

நம் மலாக்காவுக்கும் ஒரு தொடர்பு

கோவாவில் போம் இயேசு என்ற பெரிய தேவாலயம் இருக்கிறது. 1605-ஆம் ஆண்டு கட்டி முடித்தது. புனித சவேரியாரின் உடல் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. பெஸ்கிக்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் வந்து உழைத்தவர் அந்தச் சவேரியார். அவரும் இயேசு சபையைச் சேர்ந்தவர்தாம்.

நம் பள்ளிப் பிள்ளைங்க சுற்றுலாவுக்கு மலாக்கா போகும்போது குன்றின் மேல் கூரை இல்லாமல் நிற்கும் ஒரு பழைய கற்கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். புனித பவுலின் தேவாலயம் என்று பெயர். போர்த்துகீசியர் 1521-இல் அங்கே ஒரு சிற்றாலயமாகத் தொடங்கியது அது. சவேரியார் 1545-இல் மலாக்கா வந்து தங்கினார். 1552-இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் அவர் இறந்தபின், அவருடைய உடலை 1553-இல் மலாக்காவுக்குக் கொண்டுவந்து அந்தக் குன்றின் மேல் அடக்கம் செய்தார்கள். பிறகுதான் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆக, பெஸ்கி கோவாவில் கால் வைத்தபோது அங்கே வணங்கப்பட்ட பெரியவர், நம் மலாக்கா மண்ணில் சில மாதம் துயின்றவர். உலகம் பெரிசுதான், ஆனால் கடல் வழி எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

முப்பது வயதில் ‘அ, ஆ’

மதுரைக்கு வந்த பெஸ்கிக்கு ஒரு முன்னோடி இருந்தார். இராபர்ட் தெ நொபிலி என்ற தத்துவ போதகர். அவரும் இத்தாலியர். 1606-இல் மதுரைக்கு வந்தவர். இந்த நாட்டு மக்களோடு பழக வேண்டுமானால் இந்த நாட்டு வழக்கப்படி வாழவேண்டும் என்று காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சந்நியாசியாக வாழ்ந்து காட்டினார். பெஸ்கியும் அந்த வழியிலேயே நடந்தார். காவி அங்கி அணிந்தார், சந்தனம் பூசினார், புலித்தோல் ஆசனத்தில் அமர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தம் பெயரையும் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். பின்னால் அவருடைய புலமையைக் கண்ட தமிழ் மக்கள் அதை இன்னும் நல்ல தமிழாக்கி, வீரமாமுனிவர் என்று அழைத்தார்கள்.

வந்த இடத்தில் எல்லாம் பூமாலையா போட்டார்கள்? இல்லை. வந்த சில ஆண்டுகளுக்குள் திருநெல்வேலிப் பக்கத்தில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். உயிர் போகும் தண்டனை என்ற நிலைக்கே போய்விட்டது. எப்படியோ தப்பி வந்தார். வேறு ஒருவராக இருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் திரும்பவில்லை. தம் தாய்நாட்டை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

தமிழை முறையாகப் படிக்க வேண்டும் என்று ஆசிரியரைத் தேடினார். சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். தொல்காப்பியம், நன்னூல், திருக்குறள், சிந்தாமணி, கம்பராமாயணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓலைச் சுவடிகளைப் புரட்டினார். அதோடு வடமொழி, தெலுங்கு, பாரசீகம், உருது ஆகியவையும் படித்தார்.

நம்மில் சிலர், பிள்ளை மூன்றாம் ஆண்டில் தமிழ் வாசிக்கத் தடுமாறினால், இனிமே இவனுக்கு வராது என்று சொல்லிவிடுகிறோம். தாய்மொழி வேறு, தட்பவெப்பம் வேறு, சோறு வேறு என்று எல்லாமே அந்நியமான இடத்தில், 30 வயதுக்குமேல் அகரம் தொடங்கிய ஒருவர், 46 வயதில் காப்பியம் பாடி முடித்தார். இதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கோணான்குப்பமும் ஏலாக்குறிச்சியும்

இனி, அவர் எழுப்பிய கோயில்களைப் பார்ப்போம்.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பம் என்று ஒரு சிற்றூர். அங்கே பெரியநாயகி அன்னை கோயில் இருக்கிறது. விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் அம்மன் பெயர் பெரியநாயகி என்பது பலருக்குத் தெரியும். அந்தப் பக்கத்து மக்கள் நாவில் பழகிய பெயரையே முனிவர் மாதாவுக்கும் வழங்கினார்.

அந்தக் கோயில் பிறந்த கதையை ஊர் மக்கள் இப்படிச் சொல்லுவாங்க. முனிவர் அந்த வழியே நடந்து போகும்போது களைப்பு மிகுந்து மர நிழலில் கண்ணயர்ந்தார். அவர் கையோடு கொண்டுவந்த மாதா சுரூபத்தை ஆடு மாடு மேய்க்கும் சிறுவர்கள் எடுத்து விளையாடிவிட்டு ஒரு புதரில் மறைத்துவிட்டார்கள். எழுந்து பார்த்தவர் காணாமல் வருந்தித் தேடிவிட்டுப் போய்விட்டார். பிள்ளையில்லாத கச்சிராயர் என்ற நிலக்கிழார் ஒருவருடைய கனவில் மாதா தோன்றி, தாம் இருக்கும் இடத்தைச் சொல்லி, கோயில் எழுப்பும்படி கேட்டார். அவர் கோயில் எழுப்பினார். அவருக்குக் குழந்தையும் பிறந்தது. பிறகு முனிவர் திரும்பி வந்தபோது, தொலைத்த சுரூபம் கோயில் கொண்டிருப்பதைக் கண்டு நெகிழ்ந்துபோனார். இது செவிவழியாக வந்த கதை. நம் குலதெய்வக் கதைகளைப் போலவே இருக்கிறது, பார்த்தீங்களா? புதரும், இடையர் பிள்ளைகளும், கனவும், பிள்ளைப் பேறும் தமிழ் மண்ணில் முளைத்த கதைக்கே உரியவை.

இந்தக் கோயிலில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மாதாவின் சுரூபம். இத்தாலியில் மாதாவை நீல முக்காடும் நீண்ட அங்கியும் போட்டு வரைவார்கள். முனிவர் அப்படிச் செய்யவில்லை. தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி, கையில் குழந்தையை ஏந்தி நிற்கும் மாதாவை அவரே படமாக வரைந்தார் என்றும், அதைப் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவுக்கு அனுப்பி அங்குள்ள சிற்பிகளைக் கொண்டு சுரூபம் செய்து வரவழைத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மணிலாவிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கப்பல் போகும் கடல்வழி எது? நம் மலாக்கா நீரிணைதான். இத்தாலியர் ஒருவர் நினைத்து, பிலிப்பைன்ஸ் சிற்பி செதுக்கி, நம் கடல் வழியே தமிழ்நாடு போய்ச் சேர்ந்த தமிழ் அன்னை என்று அந்தச் சுரூபத்தைச் சொல்லலாம்.

சேலை ஒரு சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வயலில் நாற்று நடுகிற ஒரு தாய் கோயிலுக்குள் வந்து நிமிர்ந்து பார்க்கிறாள். அங்கே நிற்பவள் சீமைத் துரைசாணியைப் போல இருந்தால் அவள் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். தன்னைப் போலவே சேலை கட்டி, தன்னைப் போலவே பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தால், பக்கத்தில் போய்த் தன் குறையைச் சொல்லுவாள். முனிவருக்கு அது தெரிந்திருந்தது.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி என்ற ஊர். முனிவர் பல ஆண்டுகள் தங்கி உழைத்த இடம் இது. இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். இங்குள்ள அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். போர், பஞ்சம், வரிக் கொடுமை என்று மக்கள் ஓடி ஒளிந்த காலம் அது. அப்படி ஓடிவந்தவர்களுக்கு இது காவல் தரும் ஊர், அடைக்கலம் தரும் தாய் என்று அவர் பெயரிலேயே சொல்லி வைத்தார். அந்த அன்னை மேல் திருக்காவலூர்க் கலம்பகம், அன்னை அழுங்கல் அந்தாதி போன்ற சிற்றிலக்கியங்களும் பாடினார். தஞ்சைப் பக்கம் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே உள்ள பூண்டி மாதா கோயிலையும் தொடக்கத்தில் எழுப்பியவர் முனிவரே என்பது அங்குள்ள மரபு.

இந்தக் கோயில்களில் திருவிழா என்றால் கொடியேற்றம் உண்டு, தேர்ப் பவனி உண்டு, நேர்ச்சை உண்டு. இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். நம் நாட்டில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தவரும் போய் வருகிறோமே, அது மாதிரி.

சொல்லால் கட்டிய கோயில்

முனிவர் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியதைவிடப் பெரிய கோயில் ஒன்றைச் சொல்லால் கட்டினார். அதுதான் தேம்பாவணி. 1726-ஆம் ஆண்டு முடிந்த காப்பியம். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆன அணிகலன் என்றும் அந்தப் பெயருக்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லலாம்.

காப்பியத் தலைவன் யார் தெரியுமா? அரசனோ படைவீரனோ அல்ல. தச்சுத் தொழிலாளியான சூசையப்பர். அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் வைத்தார் முனிவர். இழைப்புளியும் உளியும் பிடித்து, வேர்வை சிந்தி, மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றிய ஓர் உழைப்பாளிக்கு, கம்பன் இராமனுக்குப் பாடியது போலக் காப்பியம்! தேயிலைக் கொழுந்து பறித்துப் பிள்ளை வளர்க்கும் நம் தோட்டத்து மக்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்று நம்புகிறேன்.

நாட்டு வளம், நகர வளம் என்று தமிழ்க் காப்பிய முறைப்படியே அவர் தொடங்குகிறார். யூதேயா நாட்டை அவர் வருணிக்கும்போது மழை பொழிவதும், ஆறு பெருகுவதும், வயல் விளைவதும் காவிரிக் கரையைப் போலவே இருக்கும். மாதாவுக்குச் சேலை உடுத்திய அதே மனம்தான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

ஓர் ஐரோப்பியரால் இப்படிப் பாட முடியுமா, ஆசிரியரான கவிராயர்தாம் எழுதிக் கொடுத்திருப்பார் என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் முனிவர் எழுதியது தேம்பாவணி ஒன்று மட்டுமல்லவே. இலக்கணம், அகராதி, உரைநடை, கதை, மொழிபெயர்ப்பு என்று அத்தனை துறையிலும் நூல் வைத்திருக்கிறார். இவ்வளவையும் ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பது பொருந்துமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பேயும் பெய்யும்

மாணவச் செல்வங்களே, இந்தப் பகுதி உங்களுக்காக.

பழைய முறையில் எ, ஒ என்ற குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். கெ, கே என்ற இரண்டுக்கும் ஒரே கொம்புதான். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று எழுதுகிறவர்கள் புள்ளி வைக்காமலே விட்டுவிடுவார்கள். அப்புறம் என்ன ஆகும்? பெய் என்று எழுதியிருக்கிறதா, பேய் என்று எழுதியிருக்கிறதா? மெய்யா, மேயா? கொல்லா, கோலா? படிக்கிறவர்தாம் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். மழை பெய் என்றால் மழைப் பேய் என்று படித்துப் பயந்தாலும் குற்றமில்லை!

தமிழிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன கஷ்டம். புதிதாகப் படிக்க வந்த முனிவருக்குத்தான் அது கல்லாக இடறியது. அவர் இதற்கு எளிய வழி செய்தார். நெட்டெழுத்து ஏ-க்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். ஓ-வுக்குக் கீழே ஒரு சுழி சுழித்தார். கே, சே போன்றவற்றுக்குக் கொம்பின் மேலே இன்னொரு சுழி சேர்த்தார். அதைத்தான் நீங்கள் இரட்டைக் கொம்பு என்கிறீர்கள். அச்சு எழுத்து பரவியபோது இந்த மாற்றமும் நிலைபெற்றுவிட்டது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு ணை, லை, றா போன்ற எழுத்துகளைச் சீராக்கியதை உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். அதற்கு 200 ஆண்டுக்கு மேல் முன்னாலேயே எழுத்தைத் திருத்தியவர் இவர்.

அகராதியும் பரமார்த்த குருவும்

முன் காலத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவேண்டுமானால் நிகண்டு என்ற செய்யுள் நூலை மனப்பாடம் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் சூத்திரம் நெட்டுருப் போட முடியாதவனுக்குப் பொருள் கிடைக்காது. முனிவர் 1732-ஆம் ஆண்டு சதுரகராதி செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. சொற்களை அகர வரிசையில் அடுக்கிவிட்டார். வரிசை தெரிந்தவன் எவனும் சொல்லைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் அவரைத் தமிழ் அகராதியின் தந்தை என்கிறார்கள். இன்று பரிசளிப்பு விழாவில் அகராதியைப் பரிசாக வாங்குகிற பிள்ளை, அதைத் திறக்கும்போது அவரை ஒரு கணம் நினைக்கட்டும்.

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்துக்கும் சேர்த்துத் தொன்னூல் விளக்கம் என்ற இலக்கண நூல் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் பெயர்த்தார். மக்கள் பேசும் தமிழுக்கும் இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தரங்கம்பாடியில் இருந்தவர்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். முனிவருக்கும் அவர்களுக்கும் கொள்கையில் கடும் பகை. ஒருவரை ஒருவர் கண்டித்து நூலே எழுதினார்கள். ஆனாலும் தமிழ் படிக்க இதைவிட நல்ல நூல் இல்லை என்று எதிரிகளே அச்சிட்டார்கள். கல்விக்கு அத்தனை மதிப்பு.

சிரிக்கவும் வைத்தார் முனிவர். பரமார்த்த குரு கதையைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றைக் கடந்ததும் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டே எண்ணுகிறான். ஒருத்தரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் ஒப்பாரி வைக்கிறார்கள்! இந்தக் கதை 1822-இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. செய்யுள்தான் இலக்கியம் என்றிருந்த காலத்தில், சாதாரணத் தமிழில் கதை எழுதலாம் என்று காட்டிய முன்னோடி நூல்களில் அது ஒன்று.

கடைசிக் காலம்

திருச்சியைக் கைப்பற்றி ஆண்ட சந்தா சாகிபு முனிவரிடம் மதிப்பு வைத்திருந்தார். அவரோடு பேசுவதற்காகவே முனிவர் பாரசீகமும் உருதும் கற்றார் என்பார்கள். ஆனால் அரசியல் நிலைக்கவில்லை. 1741-இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்தார்கள். நாடெங்கும் குழப்பம். முனிவர் தெற்கே கடலோரம் போய், பிறகு மலையாள நாட்டு அம்பழக்காட்டில் தங்கினார். அங்கே 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் காலமானார். வயது 66. அதில் சரிபாதிக்கு மேல், 36 ஆண்டுகள், அவர் நம் மக்களோடு வாழ்ந்தவை.

தேம்பாவணி அச்சில் வருவதை அவர் பார்க்கவில்லை. தாம் திருத்திய எழுத்தைக் கோடிப் பிள்ளைகள் எழுதுவதையும் அவர் பார்க்கவில்லை. 1968-ஆம் ஆண்டு சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதற்கு முந்திய முதல் மாநாடு நடந்தது நம் கோலாலம்பூரில், 1966-இல் என்பது நமக்குப் பெருமை.

நாம் செய்யக்கூடியது

பெற்றோர்களே, அடுத்த முறை தமிழ்நாட்டுக்குப் போகும்போது, திருச்சியிலிருந்து ஒரு நாள் ஒதுக்கி ஏலாக்குறிச்சிக்கோ கோணான்குப்பத்துக்கோ போய் வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், படம் பிடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துச் சேலை உடுத்திய அந்த அன்னையைக் காட்டி, இந்த யோசனை எந்த நாட்டுக்காரருக்கு வந்தது என்று சொல்லிக் கொடுங்கள். சிற்பத்தையும் சித்திரத்தையும் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் கல்விதான்.

போக வசதியில்லை என்றால் அதனால் குறையில்லை. முனிவர் நமக்காக விட்டுப்போனதில் பெரும்பங்கு இங்கே கியா பார்மிலேயே, பிள்ளையின் புத்தகப் பையிலேயே இருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை முன்னேறுமா என்று தயங்கும் பெற்றோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இத்தாலியும் இலத்தீனும் அறிந்த ஒருவர், இந்த மொழிக்காக ஒரு வாழ்நாளையே கொடுத்தார். நாம் கொடுக்க வேண்டியது மாலையில் ஒரு மணி நேரம்தான். வேலை முடிந்து வந்து, களைப்பாக இருந்தாலும், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்து. பெறாதவர்களுக்கும் வாழ்த்து. முப்பது வயதில் அகரம் தொடங்கியவரை நினைத்துக்கொண்டு நாளைக்கே தொடங்குங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!